குரூப் பாலிசி கெட்டுப்போனால்: சர்வரோடு வரும் கருவிகளில் எது கை கொடுக்கும், எது உலை வைக்கும்

ஒரே ஒரு டொமைன் கன்ட்ரோலர், அதாவது அலுவலகக் கணினிகளையும் பயனர் கணக்குகளையும் நிர்வகிக்கும் சர்வர். மெயில், ஃபைல் ஷேர், பிரிண்டர், பேக்கப் எல்லாம் அதன் தலையிலேயே. சிறு அலுவலக சர்வரின் லட்சணம் இதுதான். ஸ்மால் பிசினஸ் சர்வர் 2008, 2011 இரண்டுக்கும் மைக்ரோசாஃப்ட் தந்த ஆதரவு 2020 ஜனவரி 14-ஓடு முடிந்துவிட்டது. அந்த இடத்துக்கு வந்த எசென்ஷியல்ஸ் சர்வரிலும், கணினிகளுக்கும் பயனர்களுக்குமான அமைப்புகளை ஒரே இடத்திலிருந்து விதிக்கும் குரூப் பாலிசி கெடுகிற விதம் பெரிதாக மாறவில்லை. அதைச் சரிசெய்யத் தனியாக எதையும் வாங்கத் தேவையில்லை, எல்லாக் கருவியும் சர்வரிலேயே இருக்கிறது. ஆனால் எல்லாம் ஒரே தரம் இல்லை. கோளாறைக் கண்டுபிடிக்கும் கருவிகள் அருமையானவை. "நானே சரிசெய்து தருகிறேன்" என்று முன்வரும் இரண்டைத்தான் பயந்து தொட வேண்டும்.

முதலில் ஜிபிரிசல்ட், ஒரு மெஷினுக்கு எந்தெந்தப் பாலிசி வந்து சேர்ந்தது என்று சொல்லும் கமாண்ட். ஸ்லாஷ் எச் சேர்த்து ஒரு ஃபைல் பெயரும் கொடுத்தால் முழு அறிக்கையும் பிரவுசரில் திறக்கிற பக்கமாக வந்துவிடும். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்காவிட்டால் கம்ப்யூட்டர் பகுதி அறிக்கையில் வராது. அதைப் பார்த்துவிட்டு "கம்ப்யூட்டர் பாலிசி மொத்தமும் போய்விட்டது" என்று அலறுபவர்கள் உண்டு. அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது, ஒவ்வொரு பாலிசிக்கும் எதிரே இருக்கும் ரிவிஷன் எண். டொமைனின் தகவல் களஞ்சியமான ஆக்டிவ் டைரக்டரிக்கு ஒன்று, பாலிசி ஃபைல்கள் இருக்கும் ஷேரான சிஸ்வாலுக்கு ஒன்று என இரண்டு எண் இருக்கும். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் விசாரணையை அங்கிருந்து தொடங்கலாம்.

அந்த இரண்டு எண் எதற்கு? ஒரு பாலிசி இரண்டு இடத்தில் பாதி பாதியாக வாழ்கிறது. ஆக்டிவ் டைரக்டரியில் ஒரு பதிவு, சிஸ்வால் ஷேரில் அதே அடையாள எண்ணோடு ஒரு ஃபோல்டர். ஃபோல்டருக்குள் ஜிபிடி டாட் ஐஎன்ஐ என்றொரு சின்ன ஃபைல், அதற்குள் வெர்ஷன் என்று ஒரு எண். 196613 என்று இருக்கிறதென்று வையுங்கள். 65536-ஆல் வகுத்தால் ஈவு 3, மீதி 5. யூசர் பகுதி 3 முறையும் கம்ப்யூட்டர் பகுதி 5 முறையும் மாற்றப்பட்டிருக்கிறது என்று பொருள். டைரக்டரிப் பதிவில் உள்ள வெர்ஷன்நம்பர் மதிப்பும் இதே 196613 ஆக இருக்க வேண்டும். ஒன்றிரண்டு வித்தியாசம் என்றால், அந்தப் பாலிசியை எடிட்டரில் திறந்து ஏதாவது ஒரு அமைப்பை மாற்றிச் சேமித்து, மறுபடி பழையபடி வைத்தால் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்துவிடும். ஜிபிடி டாட் ஐஎன்ஐ மட்டும் காணவில்லை, மற்ற ஃபைல்கள் அப்படியே இருக்கின்றன என்றால், நோட்பேடில் ஜெனரல் என்ற தலைப்பும் டைரக்டரியில் உள்ள எண்ணும் போட்டு அதே ஃபைலை எழுதி வைக்கலாம். ஃபோல்டரே காலி என்றால் இந்த வேலை வேண்டாம். பிழைச்செய்தி மறையும், பாலிசி திரும்பாது.

விண்டோஸின் பிழைப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைக் குறை சொல்கிறவர்கள், அதில் 1058 என்ற எண்ணோடு வரும் ஈவென்ட்டை முழுதாகப் படிப்பதில்லை. "ஜிபிடி டாட் ஐஎன்ஐயைப் படிக்க முடியவில்லை" என்பது மட்டும்தான் கண்ணில் படுகிறது. டீடெயில்ஸ் டேபில் உள்ள எரர் கோட்தான் உண்மையான சேதி. 3 என்றால் அந்தப் பாதையே இல்லை. 5 என்றால் அனுமதி மறுப்பு. 53 என்றால் நெட்வொர்க்கில் சர்வரையே எட்டவில்லை, ஆகவே பாலிசியைத் தொடாதீர்கள், கிளையன்ட்டில், அதாவது சர்வரோடு இணைந்த கணினியில், பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் அமைப்பைப் பாருங்கள். ரவுட்டரின் முகவரி இரண்டாவது டிஎன்எஸ்ஸாக உட்கார்ந்திருந்தால் குற்றவாளி அநேகமாக அதுதான். டொமைனில் சேர்ந்த எந்த மெஷினிலும் டொமைன் கன்ட்ரோலரின் டிஎன்எஸ் மட்டுமே இருக்க வேண்டும்.

ஈவென்ட் 1096 வந்தால், பாலிசியின் ரெஜிஸ்ட்ரி அமைப்புகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரி டாட் பால் ஃபைலில் கோளாறு. எந்த ரெஜிஸ்ட்ரி டாட் பால் என்பதை அந்த ஈவென்ட்டே பாதையோடு சொல்லும். பாதை சி டிரைவில் தொடங்கினால் அந்த ஒரு கிளையன்ட்டின் பிரச்சினை: சிஸ்டம்32, குரூப்பாலிசி, மெஷின் என்று உள்ளே போய் ஃபைலுக்கு வேறு பெயர் வைத்துவிட்டு பாலிசியைப் புதுப்பிக்கும் ஜிபிஅப்டேட் கமாண்டை ஃபோர்ஸோடு ஓட்டினால் போதும். சிஸ்வாலைக் காட்டினால் கெட்டது சர்வரில் உள்ள பிரதி. அங்கே ஃபைலை அழித்தால் அந்தப் பாலிசியின் ரெஜிஸ்ட்ரி அமைப்புகள் எல்லா மெஷினிலும் போய்விடும். பேக்கப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

குரூப் பாலிசி மேனேஜ்மென்ட் கன்சோலுக்கு நல்ல மதிப்பெண் தரலாம். ஒரு பாலிசியைக் கிளிக் செய்ததும் "சிஸ்வாலில் உள்ள அனுமதிகள் ஆக்டிவ் டைரக்டரியோடு ஒத்துப்போகவில்லை" என்று கேட்டால், ஓகே கொடுத்தால் தானே சரிசெய்துவிடும். யாரோ ஃபோல்டரை இழுத்துப் போட்டுக் காப்பி செய்ததன் விளைவு அது, பயப்பட ஒன்றுமில்லை.

கெட்டுப்போகாமலே கெட்டதுபோல் நடிக்கும் கேஸ் ஒன்றும் உண்டு. 2016 ஜூனில் வந்த எம்எஸ்16-072 பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு, யூசர் பாலிசியைக்கூட கம்ப்யூட்டர் கணக்கின் பெயரில்தான் கிளையன்ட் படிக்கிறது. பாலிசி யாருக்குப் பொருந்தும் என்று தீர்மானிக்கும் செக்யூரிட்டி ஃபில்டரிங்கில், டொமைனின் பயனர்கள், கணினிகள் எல்லாவற்றையும் குறிக்கும் ஆதென்டிகேட்டட் யூசர்ஸை எடுத்துவிட்டு ஒரு யூசர் குழுவை மட்டும் வைத்திருந்த பாலிசிகள் எல்லாம் அன்றோடு நின்றன. டெலிகேஷன் டேபில் ஆதென்டிகேட்டட் யூசர்ஸுக்கு ரீட் மட்டும் கொடுத்தால் தீர்ந்தது. அப்ளை அனுமதி வேண்டாம். இதைத் தெரியாமல் பாலிசியை அழித்துப் புதிதாக எழுதினால் அதுவும் வேலை செய்யாது.

இனி ஆபத்தான இரண்டு. முதலாவது கருவிகூட இல்லை, ஈவென்ட் லாக் தரும் ஓர் ஆலோசனை. பழைய ஸ்மால் பிசினஸ் சர்வரில் கரண்ட் போய் அடித்து விழுந்த பிறகு, சர்வர்களுக்கிடையே சிஸ்வாலைப் பிரதியெடுக்கும் ரெப்ளிகேஷன் சேவையான என்டிஎஃப்ஆர்எஸ்ஸின் ஈவென்ட் 13568 வரும். ஜர்னல் ராப் என்பார்கள். டிஸ்க்கில் நடந்த மாற்றங்களை என்டிஎஃப்எஸ் எழுதிவைக்கும் ஜர்னலில் ரெப்ளிகேஷன் சேவை எங்கே விட்டதென்று அதற்கே தெரியாமல் போகும் நிலை. அந்த ஈவென்ட்டிலேயே "எனேபிள் ஜர்னல் ராப் ஆட்டோமேட்டிக் ரிஸ்டோர் மதிப்பை 1 ஆக்கு" என்று அழகாக எழுதியிருக்கும். ஒரே டொமைன் கன்ட்ரோலர் உள்ள இடத்தில் அதைச் செய்யக் கூடாது. அது "என்னிடம் உள்ளதை ஒதுக்கிவிட்டு பக்கத்து சர்வரிடம் நல்ல பிரதி கேள்" என்னும் கட்டளை. பக்கத்து சர்வர் ஏது? பாலிசிகளும் லாகான் ஸ்கிரிப்ட்களும் என்டிஎஃப்ஆர்எஸ் ப்ரீஎக்ஸிஸ்டிங் என்று தொடங்கும் ஃபோல்டருக்குள் தள்ளப்படும், சிஸ்வால் ஷேர் காணாமல் போகும். ஏற்கெனவே செய்துவிட்டவர்கள் முதலில் அந்த ஃபோல்டரைத் தேடுங்கள், சரக்கு அங்கேதான் இருக்கும்.

சரியான வழி டி4, "என்னிடம் உள்ள பிரதிதான் சரி" என்று அந்தச் சேவைக்குச் சொல்லும் மதிப்பு. முதலில் சிஸ்வாலுக்குள் இருக்கும் பாலிசீஸ், ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டர்களை வேறு டிரைவுக்குக் காப்பி எடுங்கள். என்டிஎஃப்ஆர்எஸ் சேவையை நிறுத்துங்கள். ரெஜிஸ்ட்ரியில் அந்தச் சேவையின் பாராமீட்டர்ஸ், பேக்கப்/ரிஸ்டோர், பிராசஸ் அட் ஸ்டார்ட்டப் வரை போய் பர்ஃபிளாக்ஸ் மதிப்பை ஹெக்ஸில் டி4 ஆக்கி, சேவையைத் தொடங்குங்கள். லாகில் 13516 வந்ததும் நெட் ஷேர் ஓட்டிப் பார்த்தால் சிஸ்வாலும் நெட்லாகானும் தெரிய வேண்டும். டி4-க்குப் பதில் டி2 போட்டால் மேலே சொன்ன அதே குழியில் விழுவீர்கள், ஒற்றை எண்தான் வித்தியாசம். சர்வர் இந்தப் பழைய எஃப்ஆர்எஸ்ஸில் இருக்கிறதா, அதற்கு மாற்றாக வந்த டிஎஃப்எஸ்ஆரில் இருக்கிறதா என்பதை டிஎஃப்எஸ்ஆர்மிக் கெட்குளோபல்ஸ்டேட் என்ற கமாண்ட் சொல்லும். எலிமினேட்டட் என்று வந்தால் பர்ஃபிளாக்ஸ் வழி பொருந்தாது. அங்கே டி4-க்கு இணையான வேலை, டைரக்டரியில் எம்எஸ்டிஎஃப்எஸ்ஆர்-ஆப்ஷன்ஸ் மதிப்பை 1 ஆக்கிச் செய்வது.

இரண்டாவது டிசிஜிபிஓஃபிக்ஸ். டிஃபால்ட் டொமைன் பாலிசி, டிஃபால்ட் டொமைன் கன்ட்ரோலர்ஸ் பாலிசி இரண்டை மட்டும் புத்தம் புதிதாக எழுதித் தரும். சொன்னதைச் சரியாகச் செய்கிறது, சொல்லாமல் விட்டதில்தான் வினை. ஸ்மால் பிசினஸ் சர்வரின் விசார்டுகள் உருவாக்கிய தனிப் பாலிசிகளை அது எட்டிக்கூடப் பார்க்காது. பாஸ்வேர்டு விதிகள் ஆரம்ப அமைப்புக்குத் திரும்பும்: குறைந்தது 7 எழுத்து, 42 நாள் ஆயுள், 24 பழைய பாஸ்வேர்டு நினைவு. பாஸ்வேர்டு காலாவதியே ஆகாது என்று வைத்திருந்த அலுவலகத்தில் மறுநாள் காலை எல்லார் முன்னாலும் "பாஸ்வேர்டை மாற்று" என்று நிற்கும். அதைவிடப் பெரிய அடி மெயில் சர்வரான எக்ஸ்சேஞ்சுக்கு. கன்ட்ரோலர்ஸ் பாலிசியில் "மேனேஜ் ஆடிட்டிங் அண்ட் செக்யூரிட்டி லாக்" உரிமை எக்ஸ்சேஞ்ச் சர்வர்ஸ் குழுவுக்கு இருக்க வேண்டும். டிசிஜிபிஓஃபிக்ஸ் அதைத் துடைத்துவிடும். பிறகு ஈவென்ட் 2080-இல் சாக்ல் ரைட் கட்டத்தில் 0 தெரியும், மெயில் சேவைகள் எழாது. அந்தக் குழுவைக் கையால் சேர்த்தாலும் சரி, எக்ஸ்சேஞ்ச் 2007, 2010 செட்டப்பை பிரிப்பேர்ஏடியோடு ஓட்டினாலும் சரி, உரிமை திரும்பும்.

ஆகவே டிசிஜிபிஓஃபிக்ஸைத் தொட்டே ஆக வேண்டுமென்றால், டார்கெட்டில் போத் கொடுக்காதீர்கள். டொமைன் பாலிசி கெட்டிருந்தால் டொமைன் மட்டும், இன்னொன்று கெட்டிருந்தால் டிசி மட்டும். அதற்கு முன் இரண்டின் அறிக்கையையும் கன்சோலிலிருந்து சேமித்து வையுங்கள். பிறகு அமைப்புகளைத் திரும்பப் போட அந்தக் காகிதம்தான் துணை.

உண்மையில் கெட்ட பாலிசியை மீட்கிற ஒரே நல்ல கருவி பவர்ஷெல்லில் உள்ள பேக்கப்-ஜிபிஓ. சர்வர் 2008 ஆர்2-விலிருந்து இருக்கிறது. ஆல் என்றும் ஒரு பாதையும் கொடுத்தால் மொத்தத்தையும் எடுத்துவிடும். ரிஸ்டோர்-ஜிபிஓ பழைய அடையாள எண்ணோடே திருப்பித் தரும். பாலிசி டைரக்டரியின் எந்தெந்த உட்பிரிவில் (ஓயூவில்) லிங்க் ஆகியிருந்தது என்பதை அது திருப்பாது. எந்த மெஷினுக்குப் பாலிசி பொருந்தும் என்று சோதிக்கும் டபிள்யூஎம்ஐ ஃபில்டரும் இதில் பேக்கப் ஆகாது. ஸ்மால் பிசினஸ் சர்வர் 2008, 2011-இன் கிளையன்ட் பாலிசிகள் அந்த ஃபில்டர்களை நம்பி ஓடுபவை என்பதால், கன்சோலில் ஃபில்டரை ரைட் கிளிக் செய்து தனித்தனியாக எக்ஸ்போர்ட் எடுக்க வேண்டும்.

இந்த பேக்கப்பும் இல்லை, சிஸ்டம் ஸ்டேட் பேக்கப் மட்டும் இருக்கிறதென்றால் சர்வரை முழுதாகப் பின்னோக்கி இழுக்க வேண்டாம். டபிள்யூபிஅட்மின் சிஸ்டம் ஸ்டேட் ரிகவரியில் ரிகவரிடார்கெட் கொடுத்து வேறொரு ஃபோல்டரில் விரித்துக்கொண்டு, கெட்ட பாலிசியின் அடையாள எண்ணுள்ள ஃபோல்டரின் உள்ளடக்கத்தை மட்டும் சிஸ்வாலுக்குக் காப்பி செய்யுங்கள். ஜிபிடி டாட் ஐஎன்ஐயின் வெர்ஷனை டைரக்டரியோடு ஒப்பிட்டுத் திருத்தி, கன்சோல் கேட்கும் அனுமதிக் கேள்விக்கு ஓகே கொடுத்து, ஒரு கிளையன்ட்டில் ஜிபிரிசல்ட்டை மறுபடி ஓட்டுங்கள். ரிவிஷன் எண் இரண்டும் ஒன்றாக வந்துவிட்டால் மற்ற மெஷின்களை ஒவ்வொன்றாகத் தொட வேண்டியதில்லை. 90 நிமிடமும் அதற்கு மேல் அதிகபட்சம் 30 நிமிடமும் ஆன பிறகு அவையே எடுத்துக்கொள்ளும்.