ராஸ்பெர்ரி பை 5-ல ஃபோஷ்: டச் டிஸ்ப்ளே 2 வந்தப்புறம் நிலைமை மாறியிருக்கு

மொபைல் லினக்ஸ் ஓட்டிப் பாக்கணும், ஆனா அதுக்குன்னு தனியா பைன்ஃபோன்ங்கிற லினக்ஸ் ஃபோன் வாங்க மனசில்லைங்கிறவங்க இந்த செட்டப்பை தாராளமா யோசிக்கலாம். போர்டு ராஸ்பெர்ரி பை 5-ங்கிற சின்ன கம்ப்யூட்டர், ஸ்கிரீன் அதே கம்பெனியோட 7 இன்ச் டச் டிஸ்ப்ளே 2, ஓஎஸ் ராஸ்பெர்ரி பை ஓஎஸ். அது அடியில டெபியன் லினக்ஸ்தான்ங்கிறதால, ஃபோன் மாதிரி டச் இன்டர்ஃபேஸ் தர்ற ஃபோஷ் அதோட ரெப்போவுலயே (சாஃப்ட்வேர் கிடங்குலயே) கிடைக்குது. லாக் ஸ்கிரீன்ல நம்பர் பேடுதான் வரும், அதனால பாஸ்வேர்டை நம்பராவே வச்சிடுங்க.

விஷயமே ஸ்கிரீன்லதான் இருக்கு. 2015ல வந்த பழைய 7 இன்ச் 800க்கு 480 பிக்சல், படுத்தவாக்குல இருக்கும், அதுல கீபோர்டு மேல வந்துச்சுன்னா நாம எங்க டைப் பண்றோம்னே தெரியாது. 2024 நவம்பர்ல வந்த புதுசு 720க்கு 1280, நிமிந்து நிக்கிற ஸ்கிரீன், ஸ்கேல் 2 (எல்லாத்தையும் ரெண்டு மடங்கு பெருசா காட்டுறது) வச்சா அகலம் 360 ஆயிடுது, லிப்அத்வைதா (க்னோமோட டிசைன் லைப்ரரி) ஆப்ஸ் எல்லாம் அந்த 360க்குள்ள அடங்குற மாதிரிதான் எழுதுறாங்க, அதனால அப்படியே கச்சிதமா உக்காருது. செட்டிங்ஸ் திறந்தா லிஸ்ட் மட்டும் வரும், ஒண்ணைத் தட்டினா அந்தப் பக்கம் முழுசா விரியும், விரலால இழுத்தா திரும்ப லிஸ்ட். அவ்ளோ அழகு!

படம் எடிட் பண்ற ஜிம்ப் மாதிரி டெஸ்க்டாப் ஆப் திறந்தாதான் பாதி ஜன்னல் வெளிய போயிடும். மொபைல் செட்டிங்ஸ்ல அந்த ஆப்புக்கு மட்டும் ஸ்கேல் டு ஃபிட் ஆன் பண்ணா அடங்கும், எழுத்து பொடிசாயிடும். ஸ்கிரீன்ல வர்ற கீபோர்டான ஸ்குவீக்போர்டுல லேஅவுட்ங்கிறது ஒரு யாமல் ஃபைல்தான் (சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்), உங்களுக்குப் பிடிச்ச தமிழ் லேஅவுட்டை நீங்களே எழுதி ஹோம் ஃபோல்டர்ல வச்சுக்கலாம், இது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்.

பெரிய குறை, ராஸ்பெர்ரி பைக்கு சஸ்பெண்ட் (தூங்குற மோடு) கிடையாது. ஸ்கிரீன் அணைஞ்சாலும் போர்டு ஓடிட்டேதான் இருக்கும், பேட்டரி மாட்டி தூக்கிட்டு சுத்தலாம்னு நினைச்சா சரிவராது. மோடம் இல்ல, கால் பேச முடியாது. பை 5-ல 3.5 எம்எம் ஜாக்கையும் எடுத்துட்டாங்க, ஸ்கிரீன்லயும் ஸ்பீக்கர் இல்ல, சத்தம் வேணும்னா ப்ளூடூத் இல்லன்னா யூஎஸ்பிதான். அடாப்டர் 5 வோல்ட் 5 ஆம்ப் வாங்கிடுங்க, 3 ஆம்ப் போட்டா யூஎஸ்பி போர்ட்டுக்கு மொத்தமா 600 மில்லிஆம்ப்தான் விடும்.

மேசை மேலயோ சுவத்துலயோ பிளக்லயே நிரந்தரமா இருக்குற டச் கம்ப்யூட்டரா வச்சுக்கிட்டா அருமையான பொருள். கையில ஏற்கனவே பை 4 இருந்தா போர்டை மாத்தாதீங்க, ஸ்கிரீனை மட்டும் வாங்குங்க. ஜீரோ மாடல்களுக்கு மட்டும் இந்த ஸ்கிரீன் ஒத்துவராது.