வீட்டு வாசலில் ஆட்டோவைத் தூக்க: பாட்டில் ஜாக்கி, ஸ்டாண்ட், பல வருட அனுபவம்

சொந்த ஆட்டோ வைத்திருப்பவர்களில் பலர், அடியில் வேலை என்றால் நாலு பேரைக் கூப்பிட்டு வண்டியை ஒருக்களித்துச் சாய்த்துவிடுவார்கள். வேலை சீக்கிரம் முடியும், உண்மைதான். ஆனால் டேங்க் மூடி வழியாகப் பெட்ரோல் கசியும், பேட்டரித் தண்ணீர் சிந்தும், இன்ஜின் ஆயில் ஏர் ஃபில்டர் பக்கம் ஏறும். அந்த நேரத்தில் யாராவது பீடியோடு பக்கத்தில் வந்து நின்றால் என்ன ஆகும்? காஸ் வண்டியைச் சாய்ப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். என் பஜாஜ் ஆர்.இ.க்கு 2 டன் பாட்டில் ஜாக்கியும் (பம்ப் அடித்தால் எண்ணெய் அழுத்தத்தில் தூக்கும், பாட்டில் வடிவ ஜாக்கி), பின் சொருகி உயரம் வைக்கும் இரும்பு ஸ்டாண்ட் ஒரு ஜோடியும்தான் பல வருடமாக உழைக்கின்றன.

காலி வண்டி 350 கிலோவை ஒட்டித்தான் வரும், அதற்கு 2 டன் தாராளம். கவனிக்க வேண்டியது எடையை அல்ல, மூன்று சக்கரத்தை. காரில் ஒரு மூலையைத் தூக்கினால் மூன்று சக்கரம் தரையில் இருக்கும். ஆட்டோவில் ஒரு பின் சக்கரத்தைத் தூக்கினால் மிச்சம் இரண்டே. மூன்றாவது கால் ஜாக்கிதான், அது நழுவினால் வண்டி அந்தப் பக்கமே விழும். இதைவிட மோசம், பின்பக்கம் நடுவில் ஜாக்கி வைத்து இரண்டு சக்கரத்தையும் ஒரே தூக்காகத் தூக்குவது. முன் சக்கரமும் ஜாக்கியும் ஒரே கோட்டில் அமைந்துவிடும், தோள் பட்டாலே வண்டி சரியும். இன்ஜினின் அலுமினிய கேஸிங்கில் ஜாக்கித் தலை அழுந்தினால் அதுவும் விரிசல் விடும். ஆகவே சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், ஒரு பக்கம் தூக்கி ஸ்டாண்ட் வைத்த பிறகே மறுபக்கம்.

ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின் சக்கரங்களை. பிரேக் டிரம்மைக் கழற்ற அதை விடுவித்தே ஆக வேண்டும். கியரில் போட்டு வைத்தாலும் பலனில்லை. ஒரு சக்கரம் அந்தரத்தில் இருந்தால், இரு பின் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் காரணமாக, தரையில் உள்ள சக்கரம் தாராளமாக உருளும். அப்போது வண்டியைப் பிடித்து நிறுத்துவது முன் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கொடுக்கும் ஆப்புக்கட்டை மட்டுமே. ஆசாரியிடம் சொல்லி வேப்பங்கட்டையில் அறுத்து வாங்கினேன். இருப்பதிலேயே விலை குறைந்தது அதுதான், நான் அதிகம் மதிப்பதும் அதைத்தான்.

பஞ்சரான பக்கம் வண்டி தாழ்ந்துவிடும், ஜாக்கி உள்ளே நுழையாது. சக்கரத்தை முதலில் ஒரு பலகைமேல் ஏற்றிக்கொள்ள வேண்டும். பம்ப் அடிக்கும்போது பாடிதான் முதலில் உயரும். ஸ்பிரிங் விரிந்து முடிந்த பிறகே சக்கரம் தரையை விடும். தலையைத் திருகி உயரத்தைக் கூட்டிக்கொள்ளும் நீட்டம் உள்ள ஜாக்கியாகப் பார்த்து வாங்கச் சொல்வது இதனால்தான்.

வீல் கழற்றும்போது நட்டைப் பார்த்துக் கை வையுங்கள். ஆட்டோ ரிம் இரண்டு பாதியாக இருக்கும். டிரம்மோடு வீலைப் பிடிக்கும் நட்டு வேறு, இரு பாதியையும் சேர்த்துப் பிடிக்கும் நட்டு வேறு. காற்று நிறைந்திருக்கும்போது இரண்டாவதைக் கழற்றினால் ரிம் பிய்த்துக்கொண்டு பாயும், கையும் முகமும் தப்பாது. அதனால் வால்வு பின்னைக் கழற்றி முழுக் காற்றையும் இறக்கிய பிறகுதான் ஸ்பேனர் எடுக்க வேண்டும்.

அக்னி நட்சத்திர வெயிலில் தார் ரோடு இளகி ஜாக்கியின் அடி புதையும், அகலப் பலகை போடாமல் தூக்காதீர்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் முட்டுக் கொடுக்கவே ஆகாதவை, சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும்.

ஸ்டாண்டில் மழைக்காலத் துருவைத் தவிர ஒரு குறையும் இல்லை. ஜாக்கிதான் நாளாக நாளாக மெல்ல இறங்கத் தொடங்கியது. உள்ளே சீல் தேய்மானம். சீல் கிட் மாற்றி ஹைட்ராலிக் ஆயில் ஊற்றியதும் சரியானது. கையில் இருக்கிறதே என்று பிரேக் ஆயிலை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், அது ஜாக்கியின் ரப்பரை ஊதிப்போகச் செய்யும். இப்போது ஜாக்கியைப் படுக்கப் போடாமல், பிஸ்டனை முழுக்க இறக்கி, நிமிர்த்தியே வைக்கிறேன். கசிவு இல்லை.