பவளம் சுணங்கினால் முதலில் எதைப் பார்ப்பது? ரீஃப் தொட்டியில் நீண்ட நாள் அனுபவம்

உயிருள்ள பவளங்களை வளர்க்கும் உப்புநீர்த் தொட்டிதான் ரீஃப் தொட்டி. என் தொட்டியில் பவளங்கள் நலமாக இருக்கின்றனவா என்று அறிய நான் முதலில் புரட்டுவது காரத்தன்மைக் குறிப்பேட்டைத்தான். காரத்தன்மை என்பது பெரும்பாலும் தண்ணீரில் உள்ள கார்பனேட், பைகார்பனேட் இருப்பின் அளவு. கல்பவளங்கள் தண்ணீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்து எலும்புக்கூட்டைக் கட்டுகின்றன. அந்த வேலை ஒழுங்காக நடக்கும்வரை, நாள்தோறும் ஒரே அளவு காரக் கரைசல் சேர்த்துவந்தால் காரத்தன்மை ஓரிடத்தில் நிற்கும். என் தொட்டியில் அந்த இடம் 8.2 டிகேஎச் (காரத்தன்மையின் அலகு). கரைசலின் அளவை மாற்றாதபோதே அது 8.6, 8.9 என்று ஏறினால், உப்புக் கலவை மாறவில்லை, கரைசலைத் தானாகச் சேர்க்கும் டோசிங் பம்ப் கூடுதலாக ஊற்றவில்லை என்று உறுதியானால், பவளங்கள் எலும்பு கட்டுவதைக் குறைத்துவிட்டன என்று பொருள். உணர்விழைகள் சுருங்குவதற்கும் நிறம் வெளுப்பதற்கும் முன்பே இது தெரிந்துவிடும். நாடி பிடித்துப் பார்ப்பது போன்றது இந்தச் சோதனை. இதைவிடப் பயனுள்ள ஒன்றை இத்தனை ஆண்டுகளில் நான் கண்டதில்லை.

இது பெரும்பாலும் ஹேமர், டார்ச் போன்ற பெரிய பாலிப் (பவளத்தில் பூப்போல் விரியும் ஒவ்வொரு தனி உயிர்) கொண்ட பவளங்களும், ஒரு மூலையில் சில அக்ரோபோரா, மான்டிபோரா கிளைகளும் உள்ள தொட்டி. ஆண்டுக்கணக்கில் வைத்துப் பார்த்ததில், பவளம் நோயுறும்போது எந்தக் கருவி கைகொடுத்தது, எந்தச் சிகிச்சை பயன் தந்தது, எது வெறும் செலவு என்பது ஓரளவு தெளிந்திருக்கிறது. அதை இங்கே பகிர்கிறேன்.

மிக நன்றாக நினைவிருப்பது கிளைவிடும் ஹேமர் பவளம் ஒன்று சுணங்கியது. அதன் ஒரு பக்கத் தலைகள் மட்டும் விளக்கு எரிந்து நெடுநேரமாகியும் விரியவில்லை. உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தபோது விளிம்பில் சதை சற்றுக் கீழிறங்கியிருந்தது. உள்ளிருந்து ஆரமாக ஓடும் எலும்புத் தட்டுகளின் நுனிகள், நலமான தலையில் கண்ணுக்கே படாதவை, வெள்ளையாக வெளியே தெரிந்தன. காரத்தன்மை 9.1க்கு ஏறியிருந்தது. கால்சியம் 375 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), மெக்னீசியம் 1160. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் வழக்கமான அளவில் இருந்தன. வெப்பநிலை 25.5 டிகிரி செல்சியஸ். உப்புத்தன்மையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் 35 (ஆயிரத்தில் 35 பங்கு) என்றது.

கால்சியம் குறைவு என்றால் கால்சியம் ஊற்று, மெக்னீசியம் குறைவு என்றால் அதையும் ஊற்று என்பதே பலரும் சொல்லும் வழி. ஆனால் அந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பாருங்கள். உப்புத்தன்மை 35 உள்ள இயற்கைக் கடல்நீரில் கால்சியம் சுமார் 420, மெக்னீசியம் சுமார் 1300. என் தண்ணீரில் இரண்டுமே ஏறக்குறைய 11 சதவீதம் குறைந்திருந்தன. தனித்தனிக் காரணங்களால் குறைந்திருந்தால் இப்படி ஒரே விகிதத்தில் குறைய வாய்ப்பில்லை. கடல்நீரை நன்னீர் கலந்து நீர்க்கச் செய்தால்தான் எல்லாம் ஒன்றாக இறங்கும். அந்தக் கணக்கில் உப்புத்தன்மை 31 அளவில் இருக்க வேண்டும். 35 என்று காட்ட வேண்டிய அளவுத்திருத்தக் கரைசலை ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். அது 39 என்றது. கருவி நகர்ந்திருந்தது. அதை நம்பி ஒவ்வொரு முறையும் கலந்த புதுத் தண்ணீர் தொட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக நீர்க்கச் செய்திருந்தது.

அந்த ரிஃப்ராக்டோமீட்டரை நான் தூக்கி எறியவில்லை, இன்றும் அதுதான் இருக்கிறது. ஆனால் அதை எப்படித் திருத்துவது என்பதில் உறுதியான கருத்து வந்துவிட்டது. தூய நீரை விட்டுச் சுழியத்தில் நிறுத்துவது போதாது. சுழியத்தில் சரியாக இருக்கும் கருவி 35இல் தவறலாம். தவிர, கடைகளில் கிடைப்பவற்றில் பல, சோடியம் குளோரைடு கரைசலை அளக்கச் செய்யப்பட்டவை. கடல்நீருக்கு அவற்றில் சுமார் ஒன்றரை அலகு வித்தியாசம் வரும். 35க்கான கரைசலைக் கொண்டே திருத்தினால் இரண்டு சிக்கலும் தீர்ந்துவிடும். புதுத் தண்ணீர் கலக்கும் நாளிலெல்லாம் இதைச் செய்கிறேன். ஊசல் முள் உள்ள ஹைட்ரோமீட்டரில் ஒரு காற்றுக் குமிழி ஒட்டினாலே எண் மாறிவிடுகிறது. நோய் காணும் வேலைக்கு அது உதவாது.

உப்புத்தன்மையை மீட்டது பொறுமையான வேலை. ஆவியாகும் நீருக்கு ஈடாக நன்னீருக்குப் பதில் உப்புநீர் ஊற்றினேன். நாளொன்றுக்கு 1 அலகுக்கு மேல் ஏறவிடவில்லை. இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. உப்பு ஏறும்போது காரத்தன்மையும் கூடவே ஏறும். ஏற்கெனவே 9.1இல் நின்றதால் அந்த நாட்களில் காரக் கரைசலை முழுவதுமாக நிறுத்திவைத்தேன். அளவுகள் சமனாகி, காரத்தன்மை தானாகவே இறங்கத் தொடங்கியபோது பவளம் வெளித்தோற்றத்தில் இன்னும் மோசமாகவே இருந்தது. ஆனால் அது கட்டும் வேலைக்குத் திரும்பிவிட்டது என்று குறிப்பேடு சொன்னது. சதை விளிம்பு மேலேறி எலும்பை மூட, அதற்குப் பிறகு பல வாரங்கள் ஆயின.

வெள்ளையைக் கண்டதும் பலரும் அஞ்சுகிறார்கள். அஞ்சுவதற்கு முன் அது எந்த வெள்ளை என்று பார்க்க வேண்டும். பவளத்தின் சதைக்குள் நுண்பாசிகள் வாழ்கின்றன. பல இனங்களில் அவற்றின் ஒளிச்சேர்க்கையே தேவையான ஆற்றலில் 90 சதவீதம் வரை தருகிறது. வெப்பமோ ஒளியோ அளவுமீறினால் பவளம் அந்தப் பாசிகளை வெளியேற்றிவிடும். அப்போது ஒளிபுகும் சதை வழியாக எலும்பு தெரிவதால் வெளுத்துத் தோன்றும். அது வெளிறல். அந்தப் பவளம் உயிரோடுதான் இருக்கிறது. சாய்வாக விளக்கடித்துப் பார்த்தால் மெல்லிய ஈரப் படலம் மினுங்கும், இரவில் உணர்விழைகள் நீளும். சதையே உரிந்துபோன எலும்பிலோ மினுக்கம் இருக்காது, குழிகளின் ஓரம் கூராகத் தெரியும், சில நாட்களில் பச்சைப் பாசி படரும். முதலாவது நிலைக்கு நிழலும் உணவும் போதும். இரண்டாவது என்றால் மிச்சமுள்ள சதையைக் காப்பது பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

கிளைப்பவளங்களில் சதை எந்த இடத்திலிருந்து விலகுகிறது என்பதும் நிறையச் சொல்லும். நுனிகள் மட்டும் கருகியதுபோல் வெளுத்தால், என் தொட்டியில் பெரும்பாலும் காரணம் உயர்ந்த காரத்தன்மையும் ஊட்டச்சத்து வற்றிய தண்ணீரும் ஒன்றுசேர்ந்ததுதான். அடியிலிருந்து மெல்ல மேலேறினால் காரத்தன்மையின் ஏற்ற இறக்கம், அடிப்பகுதிக்கு எட்டாத ஒளி அல்லது நீரோட்டம் என்று தேடத் தொடங்குகிறேன். நடுவில் வட்ட வட்டமாகச் சிறு வெளிர் தடங்கள் இருந்தால் ஏதோ ஒன்று கடித்திருக்கிறது. ஒரே நாளில் அக்ரோபோரா முழுவதும் தோலுரிந்தால் அது வேகத் திசு அழிவு. அதில் நலமான நுனிகளை வெட்டி வேறிடத்தில் ஒட்டிக் காப்பதைத் தவிர நம்பத்தக்க வழி எனக்குத் தெரிந்து இல்லை.

இவற்றையெல்லாம் நீல விளக்கில் பார்க்கக் கூடாது. நீல ஒளியில் ஒளிரும் நிறமிகள் பாதி வெளிறிய பவளத்தையும் அழகாகக் காட்டிவிடும். வாரம் ஒருமுறை வெள்ளை விளக்கை மட்டும் எரியவிட்டு, ஒரே இடத்திலிருந்து படம் எடுத்து வைக்கிறேன். அடியில் ஒரு விரற்கடை சதை குறைந்தது போன்ற மாற்றங்களை நினைவு காட்டிக்கொடுக்காது, படம் காட்டிக்கொடுக்கும்.

பூச்சிகளைப் பொறுத்தவரை, கடிகாரத்தைப் பார்த்து இரவில் எழுவதற்குப் பலன் உண்டு. விளக்குகள் அணைந்து ஓரிரு மணி நேரம் கழித்துச் சிவப்பு டார்ச் விளக்கோடு தொட்டியைப் பார்ப்பது என் வழக்கம். பல உயிர்கள் சிவப்பு ஒளியைப் பொருட்படுத்துவதில்லை. மான்டிபோராவைத் தின்னும் வெள்ளைக் கடல்நத்தைகள் அதன் அடிப்புறத்தில் ஊர்வதை அப்படித்தான் கண்டேன். அக்ரோபோராவைத் தின்னும் தட்டைப்புழு வேறு ரகம். பவளத்தின் நிறத்திலேயே இருப்பதால் நேரே பார்த்தாலும் தெரியாது. ரப்பர் குமிழ் வைத்த நீண்ட குழாயால் கிளையின்மேல் நீரைப் பீய்ச்சினால் செதிலாக உரிந்து பறக்கும். அதன் முட்டைகள் சதை இல்லாத அடிப்பகுதியில் பழுப்பும் பொன்னுமாகக் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும்.

இந்த இடத்தில்தான் பவளத்தைச் சிறிது நேரம் நனைத்தெடுக்கும் டிப் கரைசல்கள் பற்றிச் சொல்ல வேண்டும். பூச்சிகளுக்கான டிப் நன்றாக வேலை செய்கிறது. தனிப் பாத்திரத்தில், தொட்டித் தண்ணீரிலேயே கலந்து, குறிப்பிட்ட நிமிடங்கள் வைத்து, நடுநடுவே நீரைப் பீய்ச்சி, பிறகு வேறு தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டு எடுக்கிறேன். ஆனால் எந்த டிப்பும் முட்டைகளை நம்பும்படி அழிப்பதில்லை. ஒருமுறை நனைத்ததோடு நிறுத்தினால் முட்டை பொரிந்து எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். வாரம் ஒருமுறையாகப் பல வாரங்கள் தொடர வேண்டும், முட்டைகளைச் சுரண்டி எடுக்க வேண்டும், முடிந்தால் பவளத் துண்டு ஒட்டியிருக்கும் அடிக்கட்டையான ஃபிராக் பிளக்கையே மாற்ற வேண்டும். புதிதாக வரும் எந்தப் பவளமும் டிப்பும் தனிமையும் முடியாமல் என் தொட்டிக்குள் போவதில்லை. அயோடின் டிப் பூச்சிகளுக்கானது அல்ல. வெட்டுக்காயத்துக்கும் அழுகும் சதைக்கும் அது துணைசெய்யும். தண்ணீர் சரியில்லாமல் சுணங்கிய பவளத்துக்கோ எந்த டிப்பும் கூடுதல் துன்பம்தான். அதனால்தான் அளவைகளைப் பார்த்து முடிக்கும்வரை அந்தப் புட்டிகளை நான் திறப்பதில்லை.

ஹேமர், டார்ச் வைத்திருப்பவர்கள் தயங்காமல் செயல்பட வேண்டிய நோய் ஒன்று உண்டு. பழுப்புக் கூழ் நோய். தலையின் மேல் பழுப்பு நிறக் கோழை திரண்டு நீரோட்டத்தில் அசையும். வெளியே எடுத்தால் அழுகல் நாற்றம் அடிக்கும். என் ஹேமர் தளர்ந்திருந்த நாட்களில் ஓரத் தலை ஒன்றில் அது தோன்றியது. அந்தக் கூழ் மிதந்துபோய்ப் பக்கத்துத் தலையில் பட்டால் அங்கேயும் பிடிக்கும். பம்புகளை நிறுத்திவிட்டு மெல்லிய குழாயால் கூழை உறிஞ்சி வெளியேற்றினேன். பிறகு பவளத்தை வெளியே எடுத்து, அந்தத் தலையைக் கிளையோடு, சதையிலிருந்து நன்றாகத் தள்ளி எலும்பில் வெட்டினேன். மற்ற தலைகள் அயோடின் டிப்புக்குப் பின் தனித் தொட்டியில் இருந்தன. அவை பிழைத்தன. கிளைவிடும் வகையாக இருந்ததால் இது முடிந்தது. சுவர்போல் தொடர்ந்து வளரும் ஹேமரில் சதை ஒன்றோடொன்று இணைந்திருப்பதால் வெட்டுவது பெரிய ஆபத்து. வாங்கும்போதே கிளை வகையைத் தேர்ந்தெடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். சிலர் இந்த நோய்க்கு ஆன்டிபயாடிக் கலக்கிறார்கள். பலன் கிடைத்தவர்களும் உண்டு. காட்சித் தொட்டியில் அதை ஊற்றுவதை நான் ஏற்கவில்லை. அம்மோனியாவைக் கையாளும் பாக்டீரியாக்களுக்கும் கேடு, மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்த்துச் சாக்கடையில் விடுவதும் சரியன்று.

தேறும் காலத்தில் ஒளியைக் குறைத்து, உணவைக் கொஞ்சம் கூட்டுகிறேன். என் ஹேமருக்கு வழக்கமாகக் கிடைப்பது 100 முதல் 120 பார் (ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியின் அளவு). சுணங்கியபோது அதைப் பாதியாக்கினேன். திரும்ப ஏற்றியது வாரக்கணக்கில். உணர்விழை ஓரளவாவது விரியும்போது மைசிஸ் இறாலின் சிறு துண்டு கொடுக்கலாம். வாய் திறக்காத பவளத்தின் மேல் உணவை வைத்தால் அது அங்கேயே அழுகும். தண்ணீர் மிகச் சுத்தமாக இருக்க வேண்டும் என்று நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் சுழியத்துக்கு இறக்குவதும் பவளத்தைப் பட்டினி போடுவதே. நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.05 அருகில் இருக்கும்போதுதான் என் தொட்டியில் நிறமும் சதைப்பற்றும் நன்றாக இருந்திருக்கின்றன.

பக்கத்து வீட்டுக்காரரையும் மறக்க வேண்டாம். கேலக்ஸியா போன்ற பவளங்கள் இரவில் நீண்ட கொட்டும் இழைகளை அனுப்பி அண்டைப் பவளத்தைச் சுட்டுவிடும். ஒரு பக்கம் மட்டும் புண்ணானால் அந்தப் பக்கம் யார் இருக்கிறார் என்று பாருங்கள். தோல்பவளங்கள் தண்ணீரில் கலக்கும் வேதிப்பொருள்களுக்குச் செயலூட்டிய கரி நல்ல தீர்வு.

பவளம்போன்ற பாலித்தோவா, ஜோவான்தஸ் வகைகளைக் கையாளும்போது கையுறையும் கண்காப்புக் கண்ணாடியும் கட்டாயம். அவற்றில் சிலவற்றில் உள்ள பாலிடாக்சின் மிகக் கொடிய நச்சு. அவை ஒட்டிய கல்லைக் கொதிக்க வைக்கவோ வெந்நீர் ஊற்றித் தேய்க்கவோ கூடாது. ஆவியை மூச்சில் இழுத்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

கருவிகளில் எதை முதலில் வாங்குவது என்று கேட்டால், 35க்கான அளவுத்திருத்தக் கரைசலோடு ரிஃப்ராக்டோமீட்டர், அடுத்து காரத்தன்மைச் சோதனை, பிறகு கால்சியமும் மெக்னீசியமும். பாஸ்பேட்டுக்கு எண்ணாகக் காட்டும் ஒளிமானி தேவை. நீலச் சாயலைக் கண்ணால் ஒப்பிட்டு 0.03க்கும் 0.08க்கும் வேறுபாடு காண முடியாது. பார் மீட்டரை ஒருமுறை இரவல் வாங்கினால் போதும். பிஎச் மானி என்னிடம் இருக்கிறது. அறை மூடியிருந்தால் இறங்கும், ஜன்னல் திறந்தால் ஏறும் என்பதைத் தவிர அது எந்த நோயையும் எனக்குக் காட்டித் தரவில்லை. ஐசிபி ஆய்வுக்கு (தண்ணீரிலுள்ள தனிமங்களை அளக்கும் ஆய்வகச் சோதனை) தண்ணீர் அனுப்புவதை, மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பவளங்கள் தேறாதபோது மட்டும் வைத்துக்கொள்கிறேன். துருப்பிடித்த காந்தமோ செம்போ இருந்தால் அது காட்டிவிடும்.