டாப்பெட் சத்தத்தை அறவே நிறுத்தித் தருகிறேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள்

குமரி மாவட்டத்தில் இன்னும் பழைய அம்பாசிடர் வைத்திருப்பவர்கள், எஞ்சினின் மேல்மூடியான டாப் கவரைத் திறக்க யாரிடமாவது வண்டியைக் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். 18,500 ரூபாய் கொடுத்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சினைக் கெடுத்துக்கொண்டவன் எழுதுகிறேன்.

எங்களுடையது 1977 மாடல் மார்க் 3, பெட்ரோல் வண்டி. 1489 சிசி எஞ்சின். அப்பா தக்கலையில் இருந்துகொண்டு வாடகைக்கு ஓட்டிய வண்டி. அவர் இருந்தவரை டாப்பெட்டை, அதாவது வால்வுகளைத் தட்டித் திறக்கும் பாகங்களின் இடைவெளியை, வேறு யாரும் தொட்டதில்லை. அவர் போன பிறகு வண்டி என் கைக்கு வந்தது; அவருடைய கைப்பழக்கம் எனக்கு வரவில்லை.

சென்ற ஆவணியில் ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும்போது, 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. சித்தப்பா மகளின் கல்யாணம் ஆரல்வாய்மொழியில். மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த வண்டிதான் என்று முடிவு செய்திருந்ததால், அவசரமாக நாகர்கோவிலில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். அந்த மெக்கானிக் பானெட்டைத் திறந்தார், இரண்டு தடவை ஆக்ஸிலேட்டரை முறுக்கினார், அவ்வளவுதான். "அண்ணே, ராக்கர் செட் முழுவதும் தேய்ந்துவிட்டது. இப்படியே ஓட்டினால் உடைந்து உள்ளே விழும்" என்றார். கவரைத் திறக்கவில்லை. இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளின் கட்டான ஃபீலர் கேஜைக் கையில் எடுக்கவே இல்லை. நான் அங்கேயே வண்டியைத் திருப்பியிருக்க வேண்டும்.

வால்வை அழுத்தித் திறக்கும் எட்டு ராக்கர், அவை மாட்டியிருக்கும் ஒரு ராக்கர் ஷாஃப்ட், ராக்கரைக் கீழிருந்து தள்ளும் எட்டு புஷ் ராடு எல்லாம் மாற்ற வேண்டும் என்றார். உத்தரபாராவில் அம்பாசிடர் தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டது, சாமான் கொல்கத்தாவிலிருந்து வர வேண்டும், அதனால்தான் இந்த விலை என்றார். தயாரிப்பு நின்றது உண்மை. அந்த உண்மையோடு சேர்த்து மற்றதையும் நான் நம்பிவிட்டேன். மூன்றாம் நாள் வண்டி கிடைத்தது. சத்தம் அடியோடு இல்லை. சந்தோஷத்தில் எண்ணிக்கூடப் பார்க்காமல் பணத்தைக் கொடுத்தேன். பில் என்று தந்தது நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள்; முத்திரையும் இல்லை, கையெழுத்தும் இல்லை. கழற்றிய பழைய சாமானைக் கேட்டதற்கு, "பழைய இரும்புக்காரன் எடுத்துக்கொண்டு போய்விட்டான்" என்று பதில் வந்தது.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. ஆறு வாரம் கழித்து, 1,400 கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது, ஐடிலிங்கில் வண்டி குலுங்க ஆரம்பித்தது. குலசேகரம் தாண்டிப் பேச்சிப்பாறைக்குப் போகிற வழியில் ரப்பர் தோட்டத்து ஏற்றத்தில் இரண்டாவது கியரிலும் இழுக்கவில்லை. பட்டறைக்குப் போன் செய்தால், "கார்புரேட்டராக இருக்கும் அண்ணே, கொண்டுவாருங்கள், 3,500-க்குள் முடித்துவிடலாம்" என்கிறார்.

கொண்டுபோகவில்லை. திங்கள்சந்தைப் பக்கம் வயதான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். எல்லோரும் ஆசான் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் முதலில் பானெட் பக்கமே போகவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, பின்னால் போய்க் குந்தி, செய்தித்தாளில் ஒரு துண்டு கிழித்து சைலன்சர் வாயில் பிடித்தார். தாள் வெளியே படபடத்தது. நடுநடுவே உள்ளே இழுத்து ஒட்டிக்கொண்டது. "புகை வால்வு ஒன்று சரியாக மூடவில்லை தம்பி. வண்டி இன்று இங்கேயே கிடக்கட்டும். காலையில் எஞ்சின் பச்சைத் தண்ணீர் மாதிரி ஆறியிருக்கும்போது வா, உன் கண்முன்னால் திறக்கிறேன்" என்றார்.

மறுநாள் கவரின் இரண்டு நட்டையும் கழற்றித் தூக்கினார். உள்ளே புதிதாக இருந்தது கார்க் கேஸ்கெட் ஒன்றுதான். ராக்கர்கள் எல்லாம் பழையவை. ஆறாவது ராக்கரின் முதுகில், அப்பா எப்போதோ கழற்றியபோது அடையாளத்துக்குப் பஞ்ச் வைத்துத் தட்டிய இரண்டு புள்ளிகள் அப்படியே இருந்தன. அதைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. என்னிடம் வாங்கிய காசு போகட்டும், அப்பாவின் வண்டியில் இப்படிச் செய்திருக்கிறார்களே என்பதுதான் தாங்கவில்லை.

இந்த எஞ்சினில் ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே 0.015 அங்குலம், அதாவது 0.38 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். எஞ்சின் சூடானால் இரும்பு நீளும். அந்த நீட்டத்துக்கு விட்டுவைத்த இடம் அது. ஆசான் ஐந்தாவது வால்வில் 0.015 தகட்டை விட்டார், போகவில்லை. 0.010 போகவில்லை. கட்டிலேயே மெல்லிய 0.002 தகடும் நுழையவில்லை. வால்வு முழுதும் மூடியிருக்க வேண்டிய நிலையில் புஷ் ராடை விரலால் சுற்றச் சொன்னார். எனக்கு அது அசையவே இல்லை. சத்தத்தை நிறுத்த அந்த மனிதர் செய்தது இவ்வளவுதான்: இடைவெளி அத்தனையையும் இறுக்கி மூடிவிட்டார்.

புகை வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியை, மூடி உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அது அமரும் இடமான சீட் வழியாகத்தான் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கு இறக்கிவிடுகிறது. இறுக்கி வைத்தால் சூடேறியதும் அது சீட்டில் உட்காராது. மயிரிழை சந்து வழியாக நெருப்பு பீறிக்கொண்டு போகும், விளிம்பு கருகும். இந்த எஞ்சினில் நான்காவதும் ஐந்தாவதும் புகை வால்வுகள், நடுவில் ஒட்டி ஒட்டி இருப்பவை, மற்றவற்றைவிட அதிகம் சூடாகிறவை. எங்களுடையதில் போனது ஐந்தாவது. சிலிண்டருக்குள் அழுத்தம், அதாவது கம்ப்ரஷன், பார்த்தபோது மற்ற மூன்று சிலிண்டரும் 120 பவுண்டை ஒட்டிக் காட்டின. ஐந்தாவது வால்வு இருக்கும் மூன்றாவது சிலிண்டர் 60-ஐத் தாண்டவில்லை.

அப்படியானால் முதலில் வந்த சத்தம் எதனால்? ஆசான் ஏழாவது ராக்கரைத் திருப்பி அதன் மூக்கில் என் நகத்தை வைத்துத் தடவச் சொன்னார். வால்வுத் தண்டின் தலை பட்டுப் பட்டு அந்த அளவுக்கே ஒரு வட்டக் குழி. ஃபீலர் கேஜ் தட்டையான தகடு, குழிக்குள் இறங்காது; மேலே பாலம் போலக் கிடந்துவிடும். கேஜ் 0.015 என்று காட்டும், உண்மையான இடைவெளி குழியின் ஆழத்தையும் சேர்த்து இன்னும் கூடுதலாக இருக்கும். எத்தனை தடவை சரியாக அட்ஜஸ்ட் செய்தாலும் சத்தம் போகாததற்கு இதுதான் காரணம். எட்டில் இரண்டு ராக்கருக்குத்தான் இந்தக் குழி இருந்தது. அவற்றின் மூக்கைக் கொஞ்சமாகச் சாணை பிடித்து மட்டம் செய்தாலே போதுமாக இருந்தது. மேலே கடினப்படுத்திய தோல் மெல்லியது என்பதால் அதிகம் தேய்க்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லியே செய்தார்.

எந்த ராக்கர் தட்டுகிறது என்று கண்டுபிடிப்பதும் பெரிய வித்தை இல்லை. கவரைத் திறந்து எஞ்சினை ஐடிலிங்கில் ஓடவிட்டு, ஒவ்வொரு ராக்கரின் சந்திலும் கேஜ் தகட்டை நுழைக்க வேண்டும். எதில் நுழைத்ததும் சத்தம் அடங்குகிறதோ அதுதான். எண்ணெய் தெறிக்கும், பழைய துணி ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். டாப்பெட் சத்தத்துக்கு ஒரு தாளம் உண்டு. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால், வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று. அதனால் எஞ்சின் வேகத்தில் பாதி வேகத்தில்தான் ஒவ்வொரு ராக்கரும் தட்டும். ஒரு பிளக்கின் வயரை எடுத்ததும் சத்தம் குறைந்தால் அது டாப்பெட் இல்லை, கீழே பேரிங் பக்கம் பார்க்க வேண்டும். எஞ்சின் சூடானதும் மறைகிற 'டிக் டிக்' சில நேரம் புகை மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் கசிவாக இருக்கும். இவ்வளவையும் பார்க்காமல் 'ராக்கர் செட் மாற்ற வேண்டும்' என்று ஒருவர் சொன்னால், அவருக்கு எஞ்சினைப் பற்றி அக்கறை இல்லை.

அட்ஜஸ்ட் செய்கிற முறையையும் ஒரு தடவை கண்ணால் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உங்களை யாரும் ஏமாற்ற முடியாது. கணக்கு ஒன்பது. ஒன்றாவது வால்வு முழுதும் திறந்து நிற்கும்போது எட்டாவதைப் பார்க்க வேண்டும். நான்கு திறந்திருந்தால் ஐந்து. கூட்டினால் ஒன்பது வர வேண்டும். லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்குருவைத் திருப்பி, தகடு நோட்டுக்கு நடுவிலிருந்து ஒரு தாளை உருவுவது போல வர வேண்டும். நட்டை இறுக்கும்போது ஸ்குருவும் கூடவே திரும்பிவிடும், அதனால் இறுக்கிய பிறகு இன்னொரு தடவை தகட்டை விட்டுப் பார்க்க வேண்டும். ஆசான் எட்டுக்கும் அப்படிச் செய்தார். ஹெட் இறக்கி வேலை செய்ததால் 500 கிலோமீட்டர் ஓடியதும் ஹெட் நட்டுகளை மறுபடி முறுக்கி, டாப்பெட்டையும் திரும்பப் பார்த்துக் கொடுத்தார். புது வால்வு, எட்டுக்கும் வால்வு கிரைண்டிங், கேஸ்கெட், கூலி எல்லாம் சேர்த்து 11,000 ஆனது. கருகிய வால்வையும் மாற்றிய கேஸ்கெட்டையும் ஒரு தாளில் பொதிந்து, கேட்காமலே என் கையில் கொடுத்தார்.

முதல் பட்டறையின் பெயரை நான் எழுதாததற்குக் காரணம் அந்தத் துண்டுத் தாள்தான். நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் கூப்பிட்டும் சொல்லலாம். ஆனால் எந்தப் பட்டறை என்றுகூடத் தெரியாத ஒரு தாளை வைத்துக்கொண்டு நான் எதை நிரூபிப்பது? ஆகவே பில்லில் பட்டறையின் பெயரும் முத்திரையும் மாற்றிய ஒவ்வொரு சாமானும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். கழற்றிய சாமான் உங்கள் கைக்கு வராமல் வண்டியை எடுக்காதீர்கள். கவரைத் திறக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். நிற்க விடமாட்டேன் என்றால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

இப்போது ஐடிலிங்கில் லேசாக ஒரு 'டிக் டிக்' கேட்கிறது. எட்டும் ஒரே சீராகத் தட்டுகின்றன, அப்பா காலத்தில் கேட்ட அதே சத்தம். கருகிய வால்வு எங்கள் வீட்டு முன்னறை அலமாரியில் இருக்கிறது. விளிம்பில் கடித்த அப்பளம் மாதிரி ஒரு துண்டு போயிருக்கிறது. சத்தமே இல்லாமல் ஆக்கித் தருகிறேன் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், சம்மதிப்பதற்கு முன்னால் தக்கலைப் பக்கம் வந்து அதை ஒரு தடவை கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் போங்கள்.