வலிப்பு மாதிரி வருகிறது, ஆனால் கால்-கை வலிப்பு இல்லை: பிள்ளையிடம் யார் சொல்வது?

வீடியோ இ.இ.ஜி. (உடல் அசைவையும் மூளையின் மின் அலைகளையும் ஒரே நேரத்தில் பதியும் சோதனை) எடுத்தாயிற்று. உடல் உதறிய நேரத்திலும் மூளையின் மின் அலைகளில் வலிப்புக்கான மாற்றம் இல்லை. இதை டாக்டரே சொல்லட்டுமா, வீட்டில் நாமே பக்குவமாகச் சொல்வதா?

தெளிவு
டாக்டர்: பதிவையே ஓடவிட்டு, "நீ உதறும் நொடி இது, கீழே அலையைப் பார்" என்று காட்டலாம்.
வீட்டில்: "ஒன்றுமில்லையாம்" என்று சுருங்கிவிடும். பிள்ளையின் காதில் அது "நடிக்கிறாய்" என்றே விழும். உண்மையில் உதறல் நிஜம். வேண்டுமென்று வரவழைப்பது இல்லை. மூளை சில நேரம் உடல் மீதான பிடியை விட்டுவிடுகிறது, அவ்வளவுதான்.

மாத்திரை
டாக்டர்: வலிப்பு மாத்திரை இதற்கு ஏன் உதவாது, உளவியல் சிகிச்சை ஏன் என்று சொல்ல முடியும். சிலருக்குக் கால்-கை வலிப்பும் இந்த உதறலும் சேர்ந்தே இருக்கும். அதனால் மாத்திரையை நிறுத்துவது டாக்டரின் முடிவு.
வீட்டில்: இதைத் தொடாதீர்கள்.

நேரம்
டாக்டர்: பத்து நிமிடம் கிடைத்தால் பெரிது.
வீட்டில்: "அப்போ எனக்குப் பைத்தியமா?" என்ற கேள்வி ராத்திரி விளக்கை அணைத்த பிறகுதான் வரும். அதற்கு வீடுதான் சரி.

முதல் தடவை சொல்வதை டாக்டரிடம் விடுங்கள், பிள்ளையும் அறையில் இருக்கட்டும். பயந்த சுபாவமுள்ள சின்னப் பிள்ளை என்றால் முந்தைய நாளே வீட்டில் லேசாகச் சொல்லிவைக்கலாம். பதின்வயதுக்காரர் என்றால், டாக்டரிடம் கொஞ்ச நேரம் தனியாகப் பேசவிட்டு நீங்கள் வெளியே உட்காருங்கள்.