பார்க்கில் இறுகும் கியரும் எரியாத பிரேக் லைற்றும்

நெடுங்கேணியில் இருக்கும் மச்சானுக்கு என்னுடைய காரைப் போலவே ஒன்று விலைக்கு வந்திருக்கிறதாம். எடுக்கலாமா என்று கேட்டிருந்தான். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை என்பதால் எழுதுகிறேன். இதே யோசனையில் இருக்கிற மற்றவர்களுக்கும் உதவும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலம் முழுக்க நாட்டுக்குள் இருந்த பழைய கார்களே கைமாறி ஓடின. அதனால் இப்போது விலைக்கு வருகிற பழைய ஓட்டோ கியர் கார் எதை எடுத்தாலும் அதற்குள் ஏதாவது ஒரு வருத்தம் இருக்கும். என்னுடையதுக்கு இருந்தது, காரை நிறுத்திவைக்கிற 'பார்க்' நிலையிலேயே கியர் லீவர் இறுகிக்கொள்வது. இது எல்லாக் கொம்பனிக் காருக்கும் வரக்கூடியது, ஆகவே கொம்பனிப் பெயர் இங்கே தேவையில்லை.

முதலில் நியாயமாக நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பரந்தனில் இருந்து முல்லைத்தீவுக்கு வேலைக்குப் போகிற எனக்கு ஏ-35 வீதிதான் வழி, ஒரு பக்கம் மட்டும் 50 கிலோமீற்றர் அளவு. ஓகஸ்ட் மாத வெயிலில் விசுவமடு தாண்டும்போதும் ஏசி களைக்கவில்லை. கிரவல் ஒழுங்கைக்குள் இறக்கினாலும் முன் சில்லுப் பக்கம் சத்தம் கிடையாது. பெற்றோலும் சிக்கனம். எஞ்சின் ஒரு நாளும் என்னை நடுவழியில் விட்டதில்லை. இதற்கு மேல் ஒரு காரிடம் என்ன கேட்பது?

ஆனால் அந்த லீவர்! ஸ்ரார்ட் வரும், எஞ்சின் ஓடும், காலைப் பிரேக்கில் வைத்து லீவரை இழுத்தால் அசையாது. இரண்டு மூன்று தரம் பிரேக்கை விட்டு விட்டு மிதித்தால் ஒன்றுமே நடக்காதது மாதிரி வழுக்கிக்கொண்டு ட்ரைவுக்கு வந்துவிடும். பேந்து ஒரு கிழமைக்குப் பிரச்சினை இராது. கராஜுக்குக் கொண்டுபோகிற அன்றைக்கு நிச்சயம் இறுகாது. ஒரேயடியாகப் பழுதான சாமானைத் திருத்திவிடலாம். வந்து வந்து போகிற பழுதுதான் மனிதனைத் தின்கிறது.

வட்டுவாகல் பாலத்தடியில் ஒருநாள் பட்டதை மறக்க மாட்டேன். பாலம் ஒடுக்கம், ஒரு பக்கத்தால் வாகனம் வந்தால் மற்றப் பக்கம் நிற்கத்தான் வேண்டும். அக்கரையில் இருந்து பஸ்ஸும் லொறியுமாக வரிசை வந்துகொண்டிருந்ததால் பார்க்கில் போட்டுவிட்டு இருந்தேன். வரிசை முடிந்தது, என் முறை வந்தது, லீவர் வரவில்லை. பின்னால் மீன் கூலர் லொறி ஒன்று, அதற்குப் பின்னால் பஸ். கோர்ன் சத்தத்தில் காது அடைத்தது. கூலர்க்காரத் தம்பி இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டி, "அண்ணை, கார் ஓடத் தெரியாதெண்டா ஓரமா விடுங்கோ" என்றான். ஓரமாக விடுவதற்கும் கியர் வர வேண்டுமே!

அதற்குப் பிறகுதான் ஒரு முடிவோடு கராஜ் கராஜாக ஏறினேன். ஒருவர் கியர் ஒயில் மாற்றச் சொன்னார். ஒயிலுக்கும் பார்க்கில் இருந்து லீவர் வராததற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டதற்கு விளக்கம் வரவில்லை. இன்னொருவர், லீவர் செற்றையே முழுதாகக் கழற்றி, உடைத்த வாகனத்துச் செற் ஒன்று போடலாம் என்றார். மூன்றாமவர் சொன்னதுதான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. "உந்த லொக்கை வெட்டிவிட்டா சரி அண்ணை. பத்து நிமிச வேலை. கன பேருக்குச் செய்து குடுத்திருக்கிறன்."

அந்த லொக் ஏன் இருக்கிறது என்று அவர் ஒருக்காவேனும் யோசித்திருப்பாரா? லீவருக்குக் கீழே, கொன்சோலுக்குள், மின்சாரம் வந்தால் இழுபடுகிற சின்னச் சொலினோயிட் ஒன்று இருக்கிறது. அதன் வேலை லீவரைப் பார்க்கில் பூட்டி வைத்திருப்பது. திறப்பு ஓனில் இருந்து, பிரேக் பெடலும் மிதிபட்டால்தான் அதற்குக் கரண்ட் போகும். போனதும் 'கிளிக்' என்று ஒரு சத்தத்தோடு பூட்டு விலகும். பிரேக் மிதிபட்டது என்ற செய்தியை அதற்குச் சொல்வது யார்? பெடலின் மேல்பக்கத்தில் இருக்கிற சின்னச் சுவிச். பின்னுக்குப் பிரேக் லைற்றை எரியவைக்கிறதும் அதே சுவிச்தான். முழுக் கதையும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. மூன்று கராஜிலும் ஒருவர்கூட எனக்கு இதைச் சொல்லவில்லை.

அமெரிக்காவில் 2008-ல் பிள்ளைகளின் பாதுகாப்புக்காக ஒரு சட்டம் வந்து, 2010 செப்டம்பர் முதலாம் திகதிக்குப் பிறகு செய்கிற, பார்க் உள்ள ஓட்டோ கியர்க் கார் ஒவ்வொன்றிலும் இந்தப் பூட்டு கட்டாயம் என்றார்கள். காருக்குள் ஏறி விளையாடுகிற பிள்ளை லீவரை இழுத்து வாகனம் உருண்டு போகக் கூடாது என்பதே காரணம். எங்கள் வளவுகளில் பிள்ளைகள் காருக்குள் ஏறாமலா இருக்கிறார்கள்? குளக்கட்டில் நிறுத்திவிட்டு, ஏசி ஓடட்டும் என்று எஞ்சினை ஓடவிட்டபடியே பெரியாட்கள் இறங்கிப் போகிற வழக்கமும் இருக்கிறது. அங்கே வெட்டின லொக்கோடு ஒரு கார் நிற்பதை நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

காரணத்தைக் கண்டுபிடித்தது வீட்டில் வைத்துத்தான். இரவு, மதிலுக்குப் பின்பக்கம் கொடுத்து நிறுத்தியிருந்த கார் வழக்கம்போல இறுகியது. பின்கண்ணாடியைப் பார்த்தேன். நான் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கிறேன், வெள்ளை மதிலில் சிவப்பு விழவில்லை. மகளைக் கூப்பிட்டுப் பின்னுக்கு நிற்கச் சொன்னேன். மிதித்தேன். "எரியேல்லை அப்பா." விட்டு மிதித்தேன். "எரியேல்லை." காலைக் கொஞ்சம் சரித்து அழுத்தினேன். "ஆ, எரியுது!" அவள் சொல்லி வாய் மூடமுதல் கொன்சோலுக்குள் கிளிக் கேட்டது, லீவர் வந்துவிட்டது.

மூன்று லைற்றும், அதாவது இரண்டு பக்கமும் மேலே கண்ணாடிக்குள் இருப்பதும், ஒன்றாக அணைந்து ஒன்றாக எரிந்தன. ஒரு பக்கம் மட்டும் எரியாவிட்டால் பல்ப். மூன்றுமே இல்லையென்றால் பியூஸ் அல்லது சுவிச். பியூஸ் போனால் போனதுதான், வந்து வந்து போகாது. மிஞ்சினது சுவிச்.

அந்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. கியர் இறுகினதற்காக இல்லை. இவ்வளவு நாளும் லீவர் இறுகாத நேரங்களில், ஓடிக்கொண்டிருக்கும்போது, எத்தனை தரம் என் பிரேக் லைற் எரியாமல் போயிருக்கும்? லீவர் பார்க்கில் நிற்கும்போது மட்டும்தான் இந்தக் குறை எனக்குத் தெரியும். ட்ரைவில் ஓடும்போது எனக்குத் தெரியாது, பின்னால் வருகிறவருக்கும் தெரியாது. ஏ-9 வீதியில் இரவு பஸ்கள் எப்படி வரும் என்று வன்னியில் இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பொழுதுபடுகிற நேரம் மாங்குளத்துக்கு இங்காலே பட்டி மாடு குறுக்கே வரும். நாங்கள் சடாரென்று பிரேக் அடிப்போம். பின்னுக்கு ஒரு சிவப்பும் எரியாவிட்டால் அந்தப் பஸ் எதைப் பார்த்து நிற்பது? பிள்ளைகளோடு போய் வந்த பயணங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன்.

இந்தக் காரில் அதைச் சொல்கிற ஒரே ஆள் அந்த இறுகிற லீவர்தான். லொக்கை வெட்டியிருந்தால் கியர் வழுக்கிக்கொண்டு வரும், கராஜ்காரருக்குக் காசு போகும், எனக்கும் சந்தோஷமாக இருந்திருக்கும். பிரேக் லைற் மட்டும் எரியாமலே கிடந்திருக்கும். பத்து நிமிச வேலை என்று அவர் கன பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறாரே, அந்தக் கார்களில் எத்தனை இப்போது பிரேக் லைற் இல்லாமல் ஓடுகின்றன? இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

கிளிநொச்சியில் வாகன வயரிங் செய்கிற ஒரு பொடியன் விஷயத்தை விளங்கிக்கொண்டான். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு லீவர்ப் பக்கமே போகவில்லை. நேரே பெடலுக்குக் கீழே தலையை விட்டு, வோல்ட் பார்க்கிற மீற்றரின் ஒரு முனையைக் காரின் இரும்பில் பிடித்து, மற்ற முனையைச் சுவிச்சின் வயர்களுக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்தான். ஒரு வயரில் 12 வோல்ட்டுக்கு மேல் அசையாமல் நின்றது. பெடலை மிதித்தால் மற்ற வயரிலும் அதே அளவு வர வேண்டும். சிலநேரம் வந்தது, சிலநேரம் இலக்கம் ஆடி ஆடிக் கீழே விழுந்தது. "இதுதான் அண்ணை, வேற ஒண்டுமில்லை" என்று புதுச் சுவிச் போட்டுவிட்டான். ஒருதரம் பெற்றோல் அடிக்கிற காசுகூட முடியவில்லை.

பழைய சுவிச்சை வாங்கிக்கொண்டு வந்து கத்தியால் மூடியை நெம்பித் திறந்தேன். உள்ளே தகட்டுத் துண்டு இரண்டு, ஒன்றை ஒன்று தொடுகிற இடத்தில் உழுந்தளவுப் பொட்டு. அந்தப் பொட்டு கரிந்து குழி விழுந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் கரி வந்தது. இரண்டு பக்கத்துப் பிரேக் லைற் பல்ப்பும் ஒவ்வொன்று 21 வாட். ஒவ்வொரு மிதிக்கும் அந்தக் கரண்ட் முழுவதும் இந்தப் பொட்டால்தான் போய் வருகிறது. விடும்போதெல்லாம் சின்னப் பொறி ஒன்று தட்டும். வருடக்கணக்கில் தட்டினால் கரியாமல் என்ன செய்யும்?

சுவிச் மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். பெடலுக்கும் சுவிச் முனைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைச் சரியாக வைக்க வேண்டும். சுவிச் பெடலை விட்டுத் தள்ளி நின்றால் காலை எடுத்தாலும் லைற் அணையாது. பற்றரியும் இறங்கும், லொக்கும் சும்மா திறந்துகொண்டே இருக்கும். மாற்றி முடிந்ததும் காலை எடுத்துவிட்டுப் பின்னால் போய்ப் பாருங்கள்.

இதோடு இன்னொரு இறுக்கத்தையும் ஆட்கள் போட்டுக் குழப்புகிறார்கள். முத்தையன்கட்டுக் குளத்துக் கட்டில் ஏறுகிற சரிவில் நிறுத்தினால் சிலநேரம் லீவர் பாரமாக இருக்கும், இழுத்தால் 'டொங்' என்று அடித்துக்கொண்டு வரும். அதற்கும் சுவிச்சுக்கும் தொடர்பில்லை. பார்க்கில் போட்டால் கியர்ப்பெட்டிக்குள் கதவுக் கொண்டி மாதிரி ஒரு சின்ன இரும்பு, பல்லுச்சில்லுக்குள் விழுந்து பிடிக்கும். சரிவில் கார் முழுப் பாரமும் அந்தக் கொண்டியில் தொங்கினால் அது இறுகத்தான் செய்யும். கால் பிரேக்கில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹான்ட் பிரேக்கை இழுத்து, காலை மெல்ல எடுத்து, பாரம் ஹான்ட் பிரேக்குக்குப் போன பிறகு, திரும்ப மிதித்துப் பார்க்கில் போடுங்கள். டொங் இராது. வன்னி தட்டையான பூமி என்பதால் கன பேருக்கு இந்தப் பழக்கமே இல்லை, ஹான்ட் பிரேக்கைத் தொடுவதே இல்லை.

எங்கேயாவது இறுகி நின்றால் முதலில் லீவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். லைற் எரிகிறதா, கிளிக் கேட்கிறதா, இந்த இரண்டையும் பாருங்கள். லைற் எரிந்து கிளிக் இல்லை என்றால் சொலினோயிட் அல்லது அதன் வயர். இரண்டும் இருந்து லீவர் வராவிட்டால் கொண்டியோ லீவருக்குள் ஊற்றுப்பட்ட சோடாவோ. அவசரத்துக்கு லீவர் பக்கத்தில் சின்ன மூடி ஒன்று அல்லது பொத்தான் ஒன்று இருக்கும். ஹான்ட் பிரேக்கை இழுத்து, காலைப் பிரேக்கில் வைத்துக்கொண்டு, அதைத் திறப்பு முனையால் அழுத்தியபடி லீவரை எடுக்கலாம். வட்டுவாகலில் அந்த மூடி எங்கே என்று எனக்குத் தெரிந்திருந்தால் கூலர்க்காரத் தம்பியும் நானும் மனம் நொந்திருக்க மாட்டோம். ஆனால் அப்படி எடுத்த கார் பிரேக் லைற் இல்லாத காராக இருக்கலாம் என்பதை நினைத்து, மெதுவாக, நேரே திருத்துகிற இடத்துக்குப் போங்கள்.

காரைச் செய்தவர்கள் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. சீற் பெல்ற் போடாவிட்டால் சத்தம் போடுகிறது, கதவு சரியாகச் சாத்தாவிட்டால் லைற் காட்டுகிறது. பிரேக் லைற் எரியவில்லை என்று சொல்ல ஓட்டுகிறவருக்கு முன்னால் ஒரு சின்ன அடையாளம் வைத்திருக்கக் கூடாதா?

மச்சான், இப்ப உனக்கு. நல்ல கார். நான் என்னுடையதை விற்கப் போவதில்லை. ஆனால் நீ எடுக்காதே. நீ வேலை முடிந்து இருட்டினபிறகு ஒட்டுசுட்டான் காட்டு வழியால் வருகிறவன், யானை நிற்கிற இடம் அது. ஓட்டோ கியர்க் காரைத் தள்ளி ஸ்ரார்ட் பண்ணவும் முடியாது. உனக்கு மனுவல் கியர்தான் சரி. இந்தச் சுவிச்சுக்குப் பிறகு எனக்கு எந்தப் பழைய ஓட்டோ கியர்க் காரையும் ஆருக்கும் சொல்ல மனம் வரவில்லை.

நீ கேட்கமாட்டாய், போய்ப் பார்ப்பாய் என்றும் தெரியும். பார்ப்பதென்றால் இருட்டில் போ. மட்டமான நிலத்தில் நிறுத்தி, ஹான்ட் பிரேக்கை இழுத்து, எஞ்சினை ஓடவிடாமல் திறப்பை மட்டும் ஓனுக்குக் கொண்டுபோ. பிரேக்கில் காலை வைக்காமல் லீவரை இழுத்துப் பார். வரக் கூடாது. வந்தால் ஆரோ லொக்கை வெட்டியிருக்கிறான், அல்லது சுவிச் சரியில்லை. வராவிட்டால் ஒருவரைப் பின்னுக்கு நிற்கவைத்துப் பெடலை மெல்லமாகவும் அழுத்தியும் சரித்தும் மிதித்துப் பார், மூன்று லைற்றும் ஒவ்வொரு மிதிக்கும் எரிய வேண்டும். சுவிச் என்றால் மாற்றிக்கொள்ளலாம், விலையில் கழித்துக் கேள். லொக் வெட்டின கார் என்றால் எவ்வளவு குறைத்துத் தந்தாலும் வேண்டாம்.