மாட வீதிக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீடு

இந்த முறை சென்னை வந்தபோது உறவினர் வீட்டில் தங்காமல், மயிலாப்பூரில் ஒரு ஃபிளாட்டை வாடகைக்கு எடுத்தோம். அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. அது முடிந்தும் சில வாரம் டாக்டரிடம் போய் வர வேண்டியிருந்தது. இதே வாடகைக்கு ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் நீச்சல் குளம், ஜிம் எல்லாம் உள்ள வீடு கிடைக்கும் என்றார் புரோக்கர். கிடைக்கும்தான். ஆனால் ஒரு கட்டு கொத்தமல்லிக்கும் ஆப்பைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டியை எடுக்க வேண்டும். மெல்பர்னில் நாங்கள் செய்வதே அதைத்தான். அதற்கு இவ்வளவு தூரம் வருவானேன்?

மயிலாப்பூரில் அந்தக் கவலை இல்லை. இஸ்திரி வண்டி, மருந்துக்கடை, தையல்காரர், ஏடிஎம் எல்லாம் தெருமுனைக்குள். திருமயிலை பறக்கும் ரயில் நிலையமும் நடக்கிற தூரம்தான். டாக்டர் அனுமதித்த மறுநாளே, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தெற்கு மாட வீதியில் கத்தரிக்காய் பொறுக்கக் கிளம்பிவிட்டார் அம்மா. காய்க்காரம்மாவிடம் பேரம் பேசியதில் அவருக்குப் பாதி உடம்பு தேறிவிட்டது என்பது என் கணிப்பு.

ஆனால் கடைகள் கிட்டத்தில் இருப்பது வேறு, நடக்க வழி இருப்பது வேறு. மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்தில் இரண்டு வழித்தடங்கள் திருமயிலையில்தான் பூமிக்கடியில் சந்திக்கின்றன. அந்த வேலைக்காக லஸ், ஆர்.கே. மடம் சாலைப் பக்கம் தடுப்பு வைத்து, போக்குவரத்தைத் திருப்பி விட்டிருக்கிறார்கள். மேப்பில் நேர்கோடாகத் தெரிகிற வழி, காலுக்கு அப்படி இருப்பதில்லை. நடைபாதை இருக்கும் இடத்திலும் முழங்கால் உயரத்துக்கு ஏற வேண்டும். பத்தடி போனால் மின்சாரப் பெட்டி, அதைத் தாண்டினால் வரிசையாக பைக்குகள், அப்புறம் டீக்கடை ஸ்டூல். ஏறி இறங்கிச் சலித்துப்போய், அம்மா சாலை ஓரத்திலேயே நடக்கத் தொடங்கினார். 2019இல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை போட்டார்களே, அதில் கால்வாசி இங்கே வந்தால் போதும். கபாலீஸ்வரர் கோயிலின் பங்குனிப் பெருவிழா சமயத்தில் வீடு எடுப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும்: தேர், அறுபத்துமூவர் நாட்களில் மாட வீதிகளுக்குள் டாக்ஸி வராது. அந்தத் தேதியில் ஊருக்குக் கிளம்புவதாக இருந்தால் பெட்டியை நாமே இழுத்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

வீடு பார்க்கும்போது முதல் கேள்வி, "நீங்க வெஜிடேரியன்தானே?" வாடகை பற்றிய பேச்சே அதற்குப் பிறகுதான். முன்பெல்லாம் சென்னையில் 10 மாத அட்வான்ஸ் சர்வசாதாரணம். 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொண்டால் தவிர, 3 மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்கிறது. எங்களிடம் 2 மாதம் கேட்டார்கள், சரி என்றோம். வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர் வந்து தங்கினால், வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் அவருடைய விவரத்தை அரசின் தளத்தில் ஆன்லைனில் பதிய வேண்டும் (முன்பு இதை சி ஃபார்ம் என்பார்கள்). எங்கள் வீட்டுக்காரர் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. என் மகன் உட்கார்ந்து அவருக்குச் சொல்லிக்கொடுத்தான். வருகிறவர்கள் இதை முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

பணம் கொடுப்பது இப்போது சுலபம். ஆஸ்திரேலிய மொபைல் எண்ணை, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்ஆர்ஓ வங்கிக் கணக்கோடு இணைத்து யுபிஐ வைத்துக்கொள்ளலாம். அமெரிக்கா, கனடா, சிங்கப்பூர் எண்களுக்கும் இந்த வசதி உண்டு, ஆனால் உங்கள் வங்கி அதைத் தருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பூக்காரம்மா வரை க்யூஆர் அட்டை வைத்திருக்கிறார்.

இழுபறி வந்தது கரண்ட் பில்லில். வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று தன் கணக்கில் ஒரு தொகை சொன்னார். நாங்கள் இருந்தபோது வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் பில், முதல் 100 யூனிட் இலவசம். அவர் கணக்கில் அந்த 100 யூனிட் காணவே இல்லை. வந்த அன்றே மாடிப்படிக்கு அடியில், ஒட்டடைக்கு நடுவே இருந்த மீட்டரை போட்டோ எடுத்து வைத்திருந்தேன். அதைக் காட்டி, இணைப்பு எண்ணைக் கேட்டு வாங்கி, மின்வாரியத்தின் தளத்தில் வந்த பில்லையும் எதிரே வைத்ததும் பேச்சு அடங்கியது.

தண்ணீரில் குறை சொல்ல முடியாது. மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரியத்தின் தண்ணீர்) சம்ப்பில் விழும், குறைந்தால் லாரி வரும், மோட்டார் போடுவது வாட்ச்மேன். லிஃப்ட் இருந்தது, ஆனால் ஜெனரேட்டர் இல்லை. வயதானவர்களோடு வருகிறவர்கள் இந்த இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும். கரண்ட் போன ஒரு மத்தியானம் அம்மா மூன்றாம் மாடி வரை நின்று நின்று ஏறினார்.

காலி செய்யும்போது பெயிண்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தார்கள். சில வாரம் இருந்ததற்குப் பெயிண்டிங்கா என்று கேட்டு, ஒப்பந்தத்தில் அப்படி எதுவும் எழுதவில்லை என்பதையும் காட்டினேன். பேசிப் பேசிப் பாதியில் வந்து நின்றது. மீதி அட்வான்ஸ், நாங்கள் மெல்பர்ன் திரும்பிய பிறகு கணக்கில் விழுந்தது.